ஊதினால் மூச்சுக் கேட்கிறது, டோன் மட்டும் இல்லை: பிஏபிஎக்ஸ் அனுபவங்கள்

ஹட்டன் வயர்மேன்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இது பல வருடமாக மனதில் கிடக்கிறது. ஹட்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், பெயர் வேண்டாம். ஒபிஸ் சுவரில் ஒரு டிஜிட்டல் பிஏபிஎக்ஸ், அதாவது உள் டெலிபோன்களை ஒன்றோடொன்றும் வெளி லைன்களோடும் இணைக்கும் பெட்டி. ஒரே ஷெல்ஃப். பவர் சப்ளை, சிபியு கார்ட், வெளி லைன்களுக்கு ஒரு ட்ரங்க் கார்ட், 16 போர்ட் எக்ஸ்டென்ஷன் கார்ட் மூன்று. பெரிய துரை பங்களா, ஃபெக்டரி, டிஸ்பென்சரி, கீழ் டிவிஷனில் கொழுந்து நிறுக்கும் மடுவம் எல்லாம் அதிலிருந்துதான்.

ஏப்ரல் மாதம். நம்ம பக்கத்துப் பின்னேர இடியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு வெடி வெடித்தது, இரண்டாவது கார்டில் நாலு எக்ஸ்டென்ஷன் போய்விட்டது. குரலை எண்ணாக மாற்றும் கோடெக் சிப் நாலு போர்ட்டுக்கு ஒன்று என்பதால் அது போயிருக்கும் என்று நினைத்துக் கார்டை இழுத்துப் பார்த்தேன். கறுத்த தடம் தெரிந்தது. சரி, மற்ற 12 போர்ட்டாவது ஓடட்டும் என்று திரும்பச் செருகினேன். கரண்ட் இல்லை, இருட்டு, மழை, நேரமும் போய்விட்டது. கார்ட் தடங்கியது. பெருவிரலால் அழுத்தித் தள்ளிவிட்டேன்.

கரண்ட் வந்ததும் பார்த்தால் 16ம் செத்துக் கிடந்தன. "கார்ட் முழுசா மின்னல்ல போச்சு, புதுசு வாங்கணும்" என்று கிளாக்கர் ஐயாவிடம் சொன்னேன். அவர் என்னை நம்பி எழுதிப் போட்டார்.

இரண்டு நாள் கழித்து டிஸ்பென்சரி மிட்வைஃப் அம்மா ஒபிஸுக்கே நடந்து வந்தார். காலில் அட்டைக் கடி, சேலை முழங்கால் வரைக்கும் சேறு. முதல் நாள் இரவு ஒரு பிள்ளைப்பேறுக்கு லொறி கேட்க டெலிபோன் இல்லாமல் மேல் லயத்துக்கு ஆளை ஓடவிட்டிருக்கிறார். தாயும் பிள்ளையும் நலம். அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, நான் ஊதிப் பார்த்தேன். என் மூச்சு எனக்குக் காதுல கேட்குது. டோன் மட்டும் வரல" என்றார்.

நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் புதுக் கார்ட் வந்தது. அதே ஸ்லொட்டில் போட்டேன். அதுவும் செத்தது. அப்போதுதான் டோர்ச் அடித்துப் பின்னால் கார்டுகள் செருகும் பலகையை, பெக்பிளேனை, பார்த்தேன். ஓர் ஊசி மடங்கிக் கிடந்தது. என் பெருவிரல் மடக்கிய ஊசி. அந்த அம்மா சொன்ன வாக்கியத்திலேயே விடை இருந்தது. மூச்சுக் கேட்கிறது என்றால் கார்டுக்குப் பவர் போகிறது, அங்கிருந்து லைனுக்கும் 48 வோல்ட் போகிறது. டோன் இல்லை என்றால் சிபியு பக்கமிருந்து டோனையும் குரலையும் எண்களாகக் கொண்டுவரும் பிசிஎம் பாதை கார்டுக்குள் நுழையவில்லை. ட்வீசரால் ஊசியை நிமிர்த்தினேன். பழைய கார்டிலேயே 12 போர்ட்டும் எழுந்தன.

கிளாக்கர் ஐயாவிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.

நானுஓயா இரவுக் காவல்

அண்ணே, உங்களுக்கு ஊசி, எனக்கு பெட்டரி. 2022 மார்ச், கரண்ட் கட் 13 மணித்தியாலம் வரைக்கும் போன நாட்கள். நுவரெலியாவில் ஒரு பழைய ஹோட்டல். மெயின்டனன்ஸும் நான்தான், இரவில் ரிசெப்ஷனும் நான்தான். பிஏபிஎக்ஸ் பெட்டிக்குக் கீழே 12 வோல்ட் பெட்டரி நாலு தொடராக, மொத்தம் 48. அதில் ஒன்று பலவீனம் என்று ஆறு மாதமாகவே தெரியும். குளிரில் அது இன்னும் சீக்கிரம் இறங்கிவிடும். நாலில் ஒன்று இறங்கினால் மற்ற மூன்று நல்லதாக இருந்தும் பிரயோசனமில்லை.

இரவு பெட்டி அணைந்தது. ஃபேன் நின்ற அமைதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. விடியப்போகும் நேரம் கரண்ட் வந்தது, விளக்குகள் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறின, நிம்மதியாக இருந்தேன். ஆனால் சிபியு கார்டில் காசு மாதிரி ஒரு சின்ன லித்தியம் பெட்டரி இருக்குமே, டேட்டாவைக் காப்பாற்றுவது, அதுவும் எப்போதோ செத்திருக்கிறது. அறை எண் எல்லாம் அழிந்து, பெட்டி ஃபெக்டரியிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிட்டது.

எனக்கு அது தெரியவில்லை. பூட்டிய லோன்ட்ரி அறைக்குள் டெலிபோன் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. உள்ளே யாரும் இல்லை. சாவி வீட்டில் இருக்கும் ஆளிடம். மேலே எந்த அறையிலோ ஒருவர் என்னைத்தான் கூப்பிடுகிறார், அது போய் லோன்ட்ரியில் அடிக்கிறது. எந்த அறை என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். ஒரு வயதான அம்மா சுடுதண்ணி கேட்டுத்தான் அழைத்திருக்கிறார். பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நின்ற நேரம் எனக்கு மறக்காது.

மூன்று மாடி எக்ஸ்டென்ஷனையும் பழைய கொப்பி ஒன்றைப் பார்த்துக் கையால் அடித்தேன். பெக்கப் எடுத்து வையுங்கள்.

பழைய லைன்மேன், பண்டாரவளை

ஹட்டன் தம்பி, கோபிக்க வேண்டாம், ஆனால் கதையின் தொடக்கமே பிழை. இடி விழுந்த கையோடு கார்டை இழுக்கக் கூடாது. முதலில் எம்டிஎஃப்பில், அதாவது எல்லா லைனும் வந்து சேரும் சட்டத்தில், லைனைக் கழற்றி, ஒரு நல்ல போனை நேரே போர்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். போர்ட்டில் டோன் இருந்தால் பிழை வெளியே, கார்டில் கையே வைக்கத் தேவையில்லை. சில பெட்டிகளில் ஓடும்போதே கார்டை இழுக்கலாம், சிலதில் இழுத்தால் பக்கத்துக் கார்டும் சேர்ந்து விழும். கையில் எர்த் பட்டி கட்டாமல் தொட்டால் மின்னல் விட்டுவைத்ததை நாமே முடித்துவிடுவோம்.

என் கதை சின்னது. 1998இல் ஒரு தோட்டத்தில் ஒரே சீசனில் மூன்று முறை கார்ட் போனது. மூன்றாவது முறை மழைக்குள் எர்த் கம்பியைத் தேடிப் போனேன். கம்பி மண்ணுக்குள் அரை முழம் கூட இல்லை. கீழே கல். யாரோ அடிக்க முடியாமல் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வெட்டிய முனையைக் கையில் பிடித்தபடி நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

இப்போது எல்லாருக்குமாகச் சொல்கிறேன். மலையில் எர்த் எடுப்பது தண்ணி எடுப்பதை விடக் கஷ்டம். ஒரு கம்பி இறங்காவிட்டால் மூன்று நாலு கம்பியை இடைவெளி விட்டு அடித்துச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு கம்பிக்கும் மற்றதுக்கும் நடுவே கம்பியின் நீளமாவது இருக்க வேண்டும். நெருக்கினால் பயன் குறையும். அளப்பதென்றால் மழைக்குப் பிறகு அளக்காதீர்கள், அது பொய் சொல்லும். பெப்ரவரி, மார்ச் வரட்சியில் அளந்து பாருங்கள்.

அடுத்தது, எம்டிஎஃப் எர்த் ஒரு பக்கம், பெட்டியின் எர்த் இன்னொரு பக்கம், கரண்ட் போர்டின் எர்த் மூன்றாவது பக்கம் என்று தனித்தனியாகப் போடாதீர்கள். தனி எர்த் சுத்தமான எர்த் என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இடி விழும் கணத்தில் ஒரு எர்த்துக்கும் இன்னொரு எர்த்துக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அது ஓடுவதற்கு உங்கள் லைன் கார்டைத்தான் பாதையாக எடுக்கும். மூன்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். வயர் தடிப்பாக, குட்டையாக, நேராகப் போக வேண்டும். மிச்ச வயரை அழகாகச் சுருட்டிக் கட்டி வைக்காதீர்கள், மின்னலுக்குச் சுருள் ஒரு தடை.

எம்டிஎஃப்பில் மின்னலை எர்த்துக்கு இறக்கிவிடும் கேஸ் டியூப் அரெஸ்டர்களையும் ஒவ்வொரு சீசனும் மாற்றிப் பாருங்கள். பல அடி வாங்கிய டியூப் வெளியே பார்க்க நல்லாகத்தான் இருக்கும். கம்பத்தில் தொங்கிக்கொண்டு மலை முழுக்க ஓடும் லைன் என்றால் இரண்டு முனையிலும் வேண்டும். பங்களாப் பக்கம் போடாமல் விடுவதுதான் வழக்கம், துரையின் போன்தான் முதலில் போகும்.

பதுளை ஒபரேட்டர்

எனக்கு இந்தக் கார்டெல்லாம் கழற்றத் தெரியாது. நான் கொன்சோலில் உட்கார்ந்தவள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்த இடத்தில் உள்ளே நூற்றுக்கணக்கில் எக்ஸ்டென்ஷன். வெளியே போக ஒரே ஒரு டிஜிட்டல் இணைப்பு. அதில் 32 டைம்ஸ்லொட், அதாவது 32 சேனல். ஒன்று நேரம் ஒத்துப்போக, ஒன்று சிக்னலுக்கு, பேச மிச்சம் 30. சாதாரண நாளில் பத்துக் கூட நிரம்பாது.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்த காலை. செய்தி பரவிக் கொஞ்ச நேரத்துக்குள் 30ம் சிவப்பு. உள்ளுக்குள் யாரும் யாருடனும் பேசலாம், அந்தப் பாதை பெட்டிக்குள்ளேயே மாறிவிடும். வெளியேதான் போக முடியாது. ஐயா ஒருவர் ஓடி வந்து, "கொழும்புக்கு ஒரு லைன், உடனே" என்றார்.

ஒரு சேனலை நான் விடுவிக்க வேண்டும். ஒபரேட்டருக்கு அந்த அதிகாரம் உண்டு. என் முன்னால் ஹோல்டில் ஐந்து பேர். ஒருவர் தன் அம்மா இருந்த லயத்தைச் சொல்லி, "அக்கா, பெயரை மட்டும் பாருங்க, ஒரு நிமிஷம்" என்று கேட்டிருந்தார். மற்றவர்களை விட அவர்தான் அதிக நேரம் காத்திருந்தார். அவருடைய சேனலைத்தான் வெட்டினேன். ஏன் அவரை என்று இன்றும் எனக்குப் பதில் இல்லை. அந்த லைனில் கொழும்பு கிடைத்தது. அவர் திரும்ப எடுத்தாரா, யாராவது அவருக்குச் சொன்னார்களா, தெரியாது.

ஹோல்டில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே இசைதான் போகும், பெட்டிக்குள் இருக்கும் ஒரே டைம்ஸ்லொட்டிலிருந்து. அந்த மெட்டு எங்கே கேட்டாலும் இப்போதும் எழுந்து போய்விடுவேன்.

தலவாக்கலை டெக்

அக்கா, அந்த 30 வைத்துக்கொண்டு உங்களால் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. ஐந்து சேனலையாவது அவசரத்துக்கு என்று ஒதுக்கிப் புரோகிராம் பண்ணியிருக்க வேண்டியது பெட்டியை அமைத்தவர்களின் வேலை. எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்தச் சேனல் என்று பிரித்துவிடும் வசதி அப்போதே இருந்தது.

லைன்மேன் அண்ணே, எர்த் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எல்லாக் கோளாறும் எர்த் இல்லை. உங்கள் தலைமுறையில் எல்லாரும் அதையே சொல்லி என்னை இரண்டு மாதம் அலைய வைத்தார்கள். 2006, ஹெட் ஒபிஸ் பெட்டியையும் ஃபெக்டரி பெட்டியையும் ஒரு டிஜிட்டல் லிங்கில் இணைத்திருந்தோம். பேச்சு நல்லாக வரும், இடையில் ஒரு டிக், அப்புறம் இன்னொரு டிக். பேசுகிறவர்களுக்கு அது பெரிசாகத் தெரியாது. ஃபேக்ஸ்தான் மாட்டிக்கொண்டது. தேயிலை ஏல வாரம், புரோக்கர் அனுப்பிய மதிப்பீட்டுத் தாள் பாதியில் கிழிந்த மாதிரி வெளியே வந்தது. பிஓபிஎஃப் என்ற தேயிலைத் தரத்தின் வரி இருக்கிறது, பக்கத்தில் விலை இல்லை. ஃபெக்டரி ஒபிசர் அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இத வச்சு நான் என்ன தீர்மானிக்க?" என்று கேட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எல்லாரும் எர்த் என்றார்கள். எர்த் புதிதாக அடித்தோம். டிக் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் இரண்டு பெட்டியும் "நான்தான் மாஸ்டர் கடிகாரம்" என்று உட்கார்ந்திருந்தன. குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து அனுப்புகிற பெட்டிகள் இவை. ஒரு ஃபிரேமுக்கு 125 மைக்ரோ விநாடி. இரண்டு கடிகாரமும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபட்டாலும் ஏறத்தாழ 125 விநாடிக்கு ஒரு ஃபிரேம் தவறிவிடும், அல்லது இரண்டு முறை வரும். எங்களுடையது அதைவிட மோசம். ஃபெக்டரிப் பெட்டியை லிங்கிலிருந்து நேரம் எடுக்கும்படி ஒரே ஒரு கட்டளை மாற்றினேன், அவ்வளவுதான். 2020இல் ஏலமே இணையத்துக்குப் போய்விட்டது, அந்தத் தாளுக்கு இனி வேலை இல்லை. ஆனாலும் எறிய மனம் வரவில்லை.

பழைய லைன்மேன், பண்டாரவளை

தம்பி, நான் எல்லாம் எர்த் என்று சொல்லவில்லை. எர்த்தைப் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள் என்கிறேன். உங்கள் கடிகாரக் கதை சரி. ஆனால் அந்த இரண்டு மாதம் அடித்த எர்த்தும் வீண் போயிருக்காது, அடுத்த இடியில் தெரிந்திருக்கும்.

ஹட்டன் வயர்மேன்

லைன்மேன் ஐயா, நல்ல போனை நேரே போர்ட்டில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது உண்மை. பார்க்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஒபரேட்டர் அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் கதை ஒன்றுமில்லை.

அந்த ஒபிஸ் இன்னும் அதே பெட்டியில்தான் ஓடுகிறது. நான் நிமிர்த்திய ஊசி ஈரத்தில் மறுபடி கறுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு முறை மடங்கிய ஊசி நீண்ட காலம் தாங்காது. பெக்பிளேன் முழுதாக மாற்ற வேண்டும். யாரிடமாவது பழைய ஷெல்ஃப் இருக்கிறதா? இந்த முறை என் காசில் போடுகிறேன். போட்ட பிறகு கிளாக்கர் ஐயாவிடமும் பேச வேண்டும், அவர் ஓய்வு பெற்றாலும் டவுனில்தான் இருக்கிறார்.

தலவாக்கலை டெக்

ஒரு ஷெல்ஃப் இருக்கிறது, ஆனால் எட்டு ஸ்லொட்தான். உங்கள் பவர் சப்ளையின் கனெக்டர் எந்தப் பக்கம் என்று படம் எடுத்துப் போடுங்கள், பொருந்துமா பார்க்கிறேன். பொருந்தினால் ஞாயிறு காலை வாருங்கள், காசு வேண்டாம். மின்னல் அடித்த அந்தக் கார்டையும் எடுத்து வாருங்கள், கோடெக் சிப் ஒன்று கழற்றி வைத்திருக்கிறேன். அந்த நாலு போர்ட்டையும் எழுப்பிப் பார்க்கலாம்.