காட்டு ஐரிஸ்: அளவுகோல் போதுமா?

சிப்புட்_டேட்டா: நம்ம சுங்கை சிப்புட் வெயில்ல ஐரிஸ் வளராது. ஆனா டேட்டா படிக்கிறவனுக்கு அது பழகின பூ. எல்லாரும் பயிற்சி எடுக்கிற அந்த 150 பூ அட்டவணைல செட்டோசா, வெர்சிகலர், வெர்ஜினிகான்னு மூணு ஐரிஸ் இனம். செட்டோசாவோட உள்ளிதழ் நீளம் 1.9 செ.மீ. தாண்டாது. வெர்சிகலர் 3ல தொடங்கும். அதைவிடப் பெரிசுன்னா வெர்ஜினிகா. மூணையும் பிரிக்க அளவுகோல் போதும்.

ஓய்வுபெற்ற_டீச்சர்: செட்டோசாவுக்கு அளவுகோலே வேணாம் தம்பி. உள்ளிதழ் சுருங்கி முள்ளு மாதிரி நிக்கும். வழக்கே மத்த ரெண்டுக்கும்தான். உன் அட்டவணையிலேயே 4.5லேர்ந்து 5.1 வரைக்கும் ரெண்டும் கலந்து கிடக்கே, அதை என்னன்னு சொல்லுவே?

சிப்புட்_டேட்டா: அதுக்குத்தான் டீச்சர், புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1936ல உள்ளிதழ், வெளியிதழ் ரெண்டோட நீளம், அகலம்னு நாலு அளவையும் சேர்த்தார். அந்த வழியில போட்டா 150ல 3தான் தப்பும்.

ஓய்வுபெற்ற_டீச்சர்: படிச்ச கேள்வியே பரீட்சைக்கு வந்தா மார்க் வராம இருக்குமா? பூவை அளந்தவர் எட்கர் ஆண்டர்சன். செட்டோசா, வெர்சிகலர் ரெண்டும் கனடாவின் காஸ்பே தீபகற்பத்துல ஒரே மேய்ச்சல் நிலத்துல பறிச்சது. வெர்ஜினிகா வேற இடம். நீ இனத்தைப் பிரிக்கிறியா, இடத்தைப் பிரிக்கிறியா? கீழே மடிஞ்சு தொங்குற இதழோட அடியைப் பாரு. பளிச்சுன்னு மஞ்சள், மேல மெல்லிய ரோமம் இருந்தா வெர்ஜினிகா. பச்சை கலந்த மஞ்சள், ரோமம் இல்லைன்னா வெர்சிகலர்.

பழைய_மண்டோர்: ரப்பர் குளோனை, அதான் ஒட்டுக்கட்டி வளர்க்கிற ரகத்தை, நாங்க கொட்டையை உருட்டிப் பார்த்தே சொல்லுவோம். கொட்டையோட ஓடு தாய்மரத்தைக் காட்டிக் கொடுத்திடும். உங்க பூவுக்கு விதை இல்லியா?

சிப்புட்_டேட்டா: ஐயா, குளோன் எல்லாம் ஒரே இனம்லா. இது மூணும் தனித்தனி.

ஓய்வுபெற்ற_டீச்சர்: அவ்வளவு தனி இல்லை. குரோமோசோம் செட்டோசாவுக்கு 38, வெர்ஜினிகாவுக்கு 70, வெர்சிகலருக்கு 108. கூட்டிப் பாரு. செட்டோசா, வெர்ஜினிகா ரெண்டு வம்சமும் கலந்து வந்ததுதான் வெர்சிகலர்னு ஆண்டர்சனே சொன்னார், பின்னாடி வந்த மரபணு ஆய்வும் அதுக்குச் சாட்சி. பிள்ளையோட அளவு பெத்தவங்க அளவை ஒட்டாம எங்க போகும்? மண்டோர் கேட்டது சரியான கேள்வி. வெர்சிகலர் விதை பளபளன்னு, குழி ஒழுங்கா இருக்கும். வெர்ஜினிகா விதை தக்கை மாதிரி, குழி தாறுமாறு.

சிப்புட்_டேட்டா: காய் முத்துற வரைக்கும் யார் காத்திருக்கிறது? பூத்த அன்னிக்குப் படம் எடுத்து அனுப்புறவங்களுக்கு அளவுதான் கைகொடுக்கும்.

ஓய்வுபெற்ற_டீச்சர்: படத்துல அந்த மஞ்சள் தெரியும். செ.மீ. தெரியுமா?

சிப்புட்_டேட்டா: பக்கத்துல ஒரு காசு வச்சு எடுக்கச் சொல்றேன்.

ஓய்வுபெற்ற_டீச்சர்: சொல்லு. இதழ் மேல வைக்க வேணாம்னும் சொல்லு, ரோமம் மறைஞ்சிடும்.