பெட்டிக்குள் இறங்கும் அம்பு டவுன்லோடா? மெயில் ஐகான்களை எழுத்தாக மாற்ற வழி உண்டா?

பேரேடு
வணக்கம். அலுவலகத்தில் ஐந்து கணினிகள். நான்கில் குரோமில் ஜிமெயில், ஒன்றில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். மெயிலைத் திறந்ததும் மேலே வரிசையாக நிற்கும் படங்களில்தான் எல்லோருக்கும் குழப்பம்.

பெட்டிக்குள் அம்பு இறங்குகிற மாதிரி ஒன்று இருக்கிறது. இணைப்பை டவுன்லோட் செய்ய என்று நினைத்து அதை அழுத்துகிறார்கள், மெயில் இன்பாக்ஸை விட்டுப் போய்விடுகிறது. எண்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி இருப்பதை 'முக்கியம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். போன மெயில்களை எடுக்க முடியுமா? படத்துக்குப் பதில் எழுத்து வர வைக்க முடியுமா?

அஞ்சல்பெட்டி
எடுக்கலாம், ஆனால் எதை அழுத்தினார்கள் என்பதைப் பொறுத்து இடமும் கெடுவும் மாறும்.

மூடி போட்ட பெட்டியும் அம்பும் ஆர்ச்சிவ். இது எதையும் அழிப்பதில்லை. 'இன்பாக்ஸ்' என்ற லேபிளை மட்டும் உரித்துவிடுகிறது. இடப்பக்கப் பட்டியலில் 'மோர்' அழுத்தி 'ஆல் மெயில்' திறங்கள். அங்கே இன்பாக்ஸில் இருக்கும் மெயில்களின் தலைப்புக்கு முன்னால் 'இன்பாக்ஸ்' என்று சிறிய சாம்பல் சீட்டு இருக்கும். பெறப்பட்ட மெயிலில் அந்தச் சீட்டு இல்லையென்றால் அது ஆர்ச்சிவுக்குப் போனது. டிக் செய்து 'மூவ் டு இன்பாக்ஸ்' கொடுங்கள். யாராவது அந்த மெயிலுக்குப் பதில் போட்டாலும் தானாகவே இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்துவிடும். இதற்குக் கெடு கிடையாது, பொறுமையாகத் தேடலாம்.

எண்கோணத்தில்தான் அவசரம். அது 'ரிப்போர்ட் ஸ்பேம்'. ஸ்பேமுக்குப் போனவை 30 நாளில் தானாக அழியும். அதோடு, அதே முகவரியிலிருந்து இனி வருபவையும் ஸ்பேமுக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. இன்றைக்கே ஸ்பேமைத் திறந்து, வாடிக்கையாளர் மெயில் எதுவும் இருந்தால் 'நாட் ஸ்பேம்' அழுத்துங்கள். குப்பைத்தொட்டிக்கும் அதே 30 நாள் கணக்குதான்.

தவறாக அழுத்திய கணமே தெரிந்துவிட்டால் திரையின் இடது கீழ்மூலையில் சில நொடி நிற்கும் கறுப்புப் பட்டையில் 'அன்டூ' இருக்கும். அதுவே போதும்.

கட்டளைவரி
எழுத்தாக மாற்ற:

வலது மேல்மூலைப் பற்சக்கரம் → 'சீ ஆல் செட்டிங்ஸ்' → 'ஜெனரல்' → பக்கத்தில் கொஞ்சம் கீழே 'பட்டன் லேபிள்ஸ்' → 'ஐகான்ஸ்' என்பதற்குப் பதில் 'டெக்ஸ்ட்' → பக்கத்தின் அடிவரை போய் 'சேவ் சேஞ்சஸ்'.

அந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். பொத்தான் அத்தனை கீழே இருக்கிறது. சேமிக்காமல் வெளியேறினால் பழையபடியே இருக்கும்.

இந்த அமைப்பு கணக்கோடு ஒட்டியது. ஒரே கணக்கை நான்கு கணினியிலும் திறக்கிறீர்கள் என்றால் ஒருமுறை மாற்றினால் போதும். ஆளுக்கொரு கணக்கு என்றால் ஒவ்வொன்றிலும் மாற்ற வேண்டும். மொபைல் செயலிக்கு இது பொருந்தாது.

பேரேடு
மிக்க நன்றி. ஸ்பேமில் இரண்டு இன்வாய்ஸ் இருந்தன, மீட்டாயிற்று. மேலே எழுத்து வந்துவிட்டது. ஆனால் இன்பாக்ஸ் பட்டியலில் மவுஸை ஒரு வரியின் மேல் கொண்டுபோனால் வலது ஓரத்தில் அதே பெட்டி, அதே தொட்டி, படமாகவே வருகின்றன. இன்னொன்று, இந்த மூன்று புள்ளி ஏன் பல இடங்களில் இருக்கிறது? எல்லாம் ஒன்றா?

கட்டளைவரி
வரியில் வருபவை 'ஹோவர் ஆக்‌ஷன்ஸ்': ஆர்ச்சிவ், டெலீட், படிக்காததாகக் குறி, ஸ்னூஸ் (பிறகு காட்டு) என நான்கு. 'டெக்ஸ்ட்' அமைப்பு இவற்றைத் தொடுவதில்லை. அதே 'ஜெனரல்' பக்கத்தில் 'ஹோவர் ஆக்‌ஷன்ஸ்' என்று தனி வரி இருக்கிறது. 'டிஸேபிள்' கொடுத்துச் சேமியுங்கள். மெயிலைத் திறக்கப் போய் கை தவறி ஆர்ச்சிவ் ஆவது இங்கேதான் அதிகம், எனவே உங்கள் அலுவலகத்துக்கு இதை நிறுத்துவதே நல்லது.

அஞ்சல்பெட்டி
மூன்று புள்ளி விஷயம் கொஞ்சம் ஆபத்தானது. ஒன்று இல்லை, மூன்று வெவ்வேறு.

மேல் பட்டையில் செங்குத்தாக இருப்பது மொத்த உரையாடலுக்கும் உரியது. 'மியூட்' இதற்குள்தான். அதை அழுத்தினால் பதில் வந்தாலும் மெயில் இன்பாக்ஸுக்கு வராது. "வாடிக்கையாளர் பதிலே போடவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கும்.

மெயிலுக்குள், அனுப்பியவர் பெயருக்கு நேரே வலப்பக்கம் பதில் அம்புக்கு அருகில் உள்ள புள்ளிகள் அந்த ஒரு மெயிலுக்கு மட்டும். பத்து மெயில் கொண்ட உரையாடலில் ஒன்றை மட்டும் நீக்க இங்கே 'டெலீட் திஸ் மெசேஜ்' கொடுக்க வேண்டும். மேலே உள்ள தொட்டியை அழுத்தினால் பத்தும் போகும். அச்சிடுவதும் அப்படியே. வலது மேலே உள்ள பிரிண்டர் படம் முழு உரையாடலையும் அச்சடிக்கும், ஒரு மெயிலுக்குத் தாள் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் 'பிரிண்ட்'.

மெயிலின் அடியில் படுக்கைவசமாக இருக்கும் மூன்றாவது, மடித்து வைத்த பழைய மேற்கோளை விரிக்க. அது எதையும் மாற்றாது.

உங்கள் ஆட்கள் தேடிய டவுன்லோட், இணைப்பின் சிறுபடத்தின் மேல் மவுஸை வைத்தால் தெரியும். அங்கே அம்பு பெட்டிக்குள் இறங்காது, மேற்புறம் திறந்த ஒரு தட்டை நோக்கி இறங்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

விசைப்பலகை99
இவ்வளவும் எதற்கு? குறுக்குவிசைகளை ஆன் செய்துவிட்டால் ஐகானையே பார்க்க வேண்டாம். ஆங்கில 'ஈ' ஆர்ச்சிவ், 'இஸட்' அன்டூ, கேள்விக்குறியை அழுத்தினால் முழுப் பட்டியலும் வரும்.

அஞ்சல்பெட்டி
தனி ஆளுக்குச் சரி, இவர்களுக்கு வேண்டாம். கம்போஸ் பெட்டிக்குள் கர்சர் இருப்பதாக நினைத்துத் தட்டச்சு செய்தால் ஒவ்வொரு எழுத்தும் கட்டளையாகிவிடும். எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: விசைப்பலகை தமிழ்99க்கு மாறியிருக்கும்போது இந்த ஒற்றை எழுத்துக் கட்டளைகள் பிடிக்காமல் போகலாம். ஒருமுறை வேலை செய்யும், ஒருமுறை செய்யாது என்றால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

இறக்கை
தண்டர்பேர்டுக்கு நான் சொல்கிறேன். 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பிலிருந்து கருவிப்பட்டை மாறிவிட்டது, பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

சாளரத்தின் உச்சியில் உள்ள பட்டையில் வெற்றிடத்தில் வலது கிளிக் → 'கஸ்டமைஸ்'. அடியில் 'பட்டன் ஸ்டைல்' என்ற தேர்வில் நான்கு வகை: எழுத்துக்குப் பக்கத்தில் ஐகான், எழுத்துக்கு மேல் ஐகான், ஐகான் மட்டும், எழுத்து மட்டும். முதலாவது போதும். படமும் பெயரும் சேர்ந்தே கண்ணில் பட்டால் சில வாரத்தில் படமும் பழகிவிடும்.

மெயிலின் தலைப்பகுதியில் இருக்கும் ரிப்ளை, ஃபார்வர்ட், ஆர்ச்சிவ், ஜங்க் பொத்தான்களுக்கு இது செல்லாது. அவற்றின் வரிசையிலேயே உள்ள 'மோர்' → 'கஸ்டமைஸ்' போய் அங்கே தனியாக 'ஐகான்ஸ் அண்ட் டெக்ஸ்ட்' வைக்க வேண்டும். மெயில் எழுதும் சாளரத்துக்கும் தனி. ஆக மூன்று இடம்.

அங்கே ஸ்பேமுக்குப் படம் தீச்சுடர். எரித்துவிடு என்று அர்த்தமாம்! 'சூடான செய்தி' என்று நினைத்து அழுத்துகிறவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு எச்சரிக்கை: பட்டியலில் மெயில் தேர்வாகி இருக்கும்போது வெறும் 'ஏ' விசை பட்டாலே ஆர்ச்சிவ் ஆகிவிடும். காணாமல் போனது 'ஆர்ச்சிவ்ஸ்' கோப்புறைக்குள் ஆண்டுவாரியாகப் பிரிந்து கிடக்கும். ஆண்டுவாரியாக வேண்டாமென்றால் 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' → 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' → 'ஆர்ச்சிவ் ஆப்ஷன்ஸ்' போய் ஒரே கோப்புறையாக மாற்றலாம்.

கட்டளைவரி
கேட்காத கேள்விக்கு ஒரு பதில்: இந்தக் குழப்பம் உங்கள் ஆட்களின் தவறில்லை. அச்சடி என்றால் பிரிண்டர் வரையலாம். 'இன்பாக்ஸ் லேபிளை எடு' என்பதற்கு எதை வரைவது? கண்ணால் பார்க்கும் பொருள் இல்லாத செயலுக்கு வரைகிற படம் எதுவானாலும் அது விடுகதைதான். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இடைமுகத்தில் பணிபுரிந்த ஜென்சன் ஹாரிஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவுட்லுக் 97இல் ஐகான் மட்டும் இருந்த பட்டையைப் புதியவர்கள் தொடவே இல்லையாம். படங்களை மாற்றிப் பார்த்தார்கள், இடம் மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. முக்கியப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பெயர் எழுதியதும் நிலைமை அடியோடு மாறியது. ஜிமெயிலும் 2011 இறுதியில் புதிய தோற்றத்துக்கு மாறியபோதுதான் எழுத்தைவிட்டு ஐகானுக்குப் போனது.

மவுஸை வைத்தால் பெயர் காட்டுகிறதே என்பார்கள். தொடுதிரையில் மவுஸை எங்கே வைப்பது?

பேரேடு
தண்டர்பேர்டிலும் மூன்று இடத்திலும் மாற்றியாயிற்று. தொடுதிரை என்றதும் நினைவுக்கு வந்தது: ஆண்ட்ராய்டு ஜிமெயிலில் பட்டியலைத் தள்ளும்போது மெயில் பக்கவாட்டில் வழுக்கிப் போவதும் இந்த ஆர்ச்சிவ்தானா?

அஞ்சல்பெட்டி
அதேதான். இடமேல் மூன்று கோடு → 'செட்டிங்ஸ்' → 'ஜெனரல் செட்டிங்ஸ்' → 'ஸ்வைப் ஆக்‌ஷன்ஸ்'. வலது, இடது இரண்டையும் 'நன்' ஆக்குங்கள். ஒரு பக்கமாவது வேண்டுமென்றால் 'மார்க் அஸ் ரெட்' வையுங்கள், தவறினாலும் சேதமில்லை. அதே பக்கத்தில் அடியில் 'கன்ஃபர்ம் பிஃபோர் ஆர்ச்சிவிங்' என்பதை டிக் செய்தால் ஆர்ச்சிவ் ஆகும் முன் ஒருமுறை கேட்கும். 'டெலீட்டிங்', 'சென்டிங்' இரண்டுக்கும் தனித்தனி டிக் உண்டு.