கேரவனில் பந்திப்பூர், முதுமலை: ராத்திரி வண்டியை எங்கே போடுவது?

பாலக்கோட்டுக்காரன்

வணக்கம். பொங்கல் லீவில் குடும்பத்தோடு பந்திப்பூர், முதுமலை போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் ஓசூரில் ஒரு கேரவன் வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறேன். டெம்போ ட்ராவலர் வேனை மாற்றிக் கட்டிய வண்டி. நாலு படுக்கை, டாய்லெட், சின்ன அடுப்பு எல்லாம் உண்டு. பொங்கல் சமயத்தில் ரிசார்ட்காரர்கள் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. பந்திப்பூர் காட்டை ஒட்டிய மேலுகாமனஹள்ளி பக்கம் ரோட்டோர நிலத்துக்காரர்களிடம் ஏதாவது கொடுத்தால் ராத்திரி நிறுத்த விடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

லாரிக்காரன் கிருஷ்ணகிரி

தம்பி, முதலில் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார். அதில் கேரவன் என்று பதிவாகியிருக்கிறதா? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. பெர்மிட்டையும் பார்த்துக்கொள், அத்திப்பள்ளி தாண்டினால் கர்நாடகா.

அது சரியாக இருந்தாலும் கேரவன் வீண் செலவு என்றுதான் சொல்வேன். சஃபாரிக்கு உன் வண்டியை உள்ளே விடமாட்டார்கள், அவர்கள் பஸ்ஸிலோ ஜீப்பிலோதான் போக வேண்டும். காட்டு ரோட்டில் எங்கேயும் நிறுத்தக்கூடாது. ராத்திரி 9 முதல் காலை 6 வரை ரோட்டையே மூடிவிடுவார்கள், 2009லிருந்து இதுதான் நடைமுறை. அந்த ஒன்பது மணி நேரம் வண்டி எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. குண்டலுப்பேட்டையில் ரூம் போடு, காரில் போ. அங்கிருந்து பந்திப்பூர் சுமார் 20 கிலோமீட்டர்தான்.

ஓசூர் ஷிப்ட்

லாரி அண்ணா, பெர்மிட் விஷயம் சரி. மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சர்க்கரை உள்ள பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஓசூரிலிருந்து பெங்களூரு, மைசூரு தாண்டிப் போகும்போது நல்ல டாய்லெட் எத்தனை இடத்தில் கிடைக்கும்? என் மாமியாரை அப்படிக் கூட்டிப்போனபோது அவர் வழி முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை. கேரவன் ராத்திரி தங்க மட்டுமா? பகலில்தான் அதன் அருமை தெரியும்.

நிறுத்த வழி இருக்கிறது. குண்டலுப்பேட்டையிலோ மைசூரிலோ பெரிய காம்பவுண்டு உள்ள லாட்ஜில் ஒரே ஒரு ரூம் போடுங்கள். பெரியவர்கள் ரூமில், மற்றவர்கள் வண்டியில். ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்க விட்டால் ஏ.சி.கூட ஓடும். போன் போடும்போதே கேட்டுவிடுங்கள், போய் நின்று கெஞ்சக்கூடாது.

லாரிக்காரன் கிருஷ்ணகிரி

அதாவது கேரவனுக்கும் வாடகை, ரூமுக்கும் வாடகை. அப்புறம் அந்த டாய்லெட் தொட்டியை எங்கே காலி பண்ணுவது? அதைச் சொல்லவே இல்லையே. கேரளாவில் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தார்கள், வாகமணில் அதற்கென்றே இடம் கட்டினார்கள். தண்ணீர், கரண்ட், கழிவு எல்லாவற்றுக்கும் அங்கே வழி உண்டு. குண்டலுப்பேட்டை லாட்ஜ்காரனிடம் போய் மூடியைத் திறக்கச் சொன்னால் நம்மைத் திட்டுவான்.

ஓசூர் ஷிப்ட்

வாடகைக்கு விடுகிறவரே திரும்பி வந்ததும் காலி செய்துகொள்வார், இரண்டு மூன்று நாளுக்குத் தொட்டி தாங்கும். தாங்காது என்று அவர் சொன்னால் அந்த வண்டி வேண்டாம்.

தளி ரோடு

நிலத்தில் நிறுத்தும் யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செய்யாதீர்கள்.

எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். ஐப்பசி, கார்த்திகை ஆனால் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக யானை இறங்கும். ஜவளகிரி, தளி, சானமாவு வரை வரும். ராகி முற்றும் நேரம் பரண் மேல்தான் ராத்திரி. யானை எந்த வழியாக வரும் என்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது. எந்த வீட்டில் அரிசி மூட்டை இருக்கிறது என்று அதற்குத் தெரியும். நீங்கள் வண்டிக்குள் குழம்பு கொதிக்க வைத்து, வெளியே லைட் போட்டு, நாற்காலி விரித்து உட்காருவீர்கள். நிலத்துக்காரருக்குக் காசு தேவை, சரி என்றுதான் சொல்வார். யானை வந்தால் அவரும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட் கூடாரத்தில் தங்கிய பெண்ணை யானை கொன்றது. அதே மாதம் மசினகுடியில், தங்கும் விடுதி நடத்தியவர்கள் எரியும் டயரை வீசியதில் ஒரு யானை செத்தது. விரட்டுகிற வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். காட்டை ஒட்டி ஆள் தங்கினால் இரண்டு பக்கமும் சாவு.

ஓசூர் ஷிப்ட்

மேப்பாடியில் நடந்தது துணிக் கூடாரத்தில். தகர வண்டிக்குள் கதவைச் சாத்திப் படுப்பதும் அதுவும் ஒன்றா?

தளி ரோடு

அரசு பஸ் கண்ணாடியையே யானை உடைக்கிறது. சர்க்கரை உள்ள அப்பா ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் திறந்து இறங்க மாட்டார் என்று எழுதித் தருவீர்களா?

பாலக்கோட்டுக்காரன்

அண்ணா, வண்டிக்குள்ளேயே டாய்லெட் இருக்கிறது, அவர் இறங்க வேண்டியதில்லை. இருந்தாலும் நிலத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டேன். மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் காம்பவுண்டுக்குள் நிறுத்தலாம், ஒரு ரூம் தருகிறோம் என்கிறார்கள். விலையும் மற்ற இடத்தில் பாதிதான். அது பரவாயில்லையா?

கூடலூர் மருமகன்

தருமபுரிதான் சொந்த ஊர், பெண் எடுத்தது கூடலூரில். மசினகுடியில் விலை பாதி என்றால் ஏன் பாதி என்று கேளுங்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த பல ரிசார்ட்டுகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018இல் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்றே தீர்ப்பும் வந்தது. உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அனுப்பிவிட்டுப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

முதுமலையில் வனத்துறை விடுதிகளே இருக்கின்றன. தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் மூன்று இடத்திலும் உண்டு, ஆன்லைனில் பதிவு. பொங்கலுக்கு இப்போதே பார்த்தால்தான் உண்டு. இருட்டின பிறகு வாசலைத் தாண்ட விடமாட்டார்கள், சாப்பாடும் எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் தெப்பக்காட்டில் தங்கினால் யானை முகாம் பக்கத்திலேயே, பெரியவர்களை அதிகம் நடக்க வைக்க வேண்டாம். அதற்குக் கேரவன் தேவையில்லை, ஒரு இன்னோவா போதும்.

எதில் போனாலும் தமிழ்நாட்டு எல்லையில் கக்கநல்லா செக்போஸ்ட்டில் இ-பாஸ் கேட்பார்கள், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். அங்கிருந்து ஊட்டிக்கும் போவதாக இருந்தால் கூடலூர் வழியாகப் போங்கள். கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவு, பெரிய வண்டிக்கு வேலை இல்லை.

ஓசூர் ஷிப்ட்

இன்னோவாவில் டாய்லெட் எங்கே? மறுபடி முதல் கேள்விக்கே வந்துவிட்டீர்கள்.

கூடலூர் மருமகன்

மைசூரில் ஒரு ராத்திரி தங்கிப் போனால் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். இடையில் நல்ல ஹோட்டலில் டிபன் சாப்பிட்டால் டாய்லெட்டும் கிடைக்கும். இத்தனை வருஷம் எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள்.

ஓசூர் ஷிப்ட்

இத்தனை வருஷம் பெரியவர்கள் தண்ணீர் குடிக்காமல்தான் போகிறார்கள்.

பாலக்கோட்டுக்காரன்

தெப்பக்காட்டில் தேதி கிடைக்கிறதா என்று இன்று ராத்திரி பார்க்கிறேன். கிடைத்தால் அங்கே ஒரு ராத்திரி, கேரவனைக் குண்டலுப்பேட்டை லாட்ஜ் காம்பவுண்டில் விட்டுவிட்டு அங்கிருந்து டாக்சி. கிடைக்காவிட்டால் குண்டலுப்பேட்டையிலேயே ரூம், காட்டுக்குள் பகலில் மட்டும். ஆர்.சி. புத்தகத்தின் போட்டோ அனுப்பச் சொல்லி வண்டிக்காரரிடம் கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

லாரிக்காரன் கிருஷ்ணகிரி

பதில் வராது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா?