நிதி திரட்டும் விழாவில் பைக் காட்சி: முதலில் ஸ்டாண்டைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

நிதி திரட்டும் விழாவுக்கு பைக் கிளப் வண்டிகளைக் காட்சிக்கு வைக்கும்போது எல்லார் கவனமும் பாலிஷ் மேலேயே போகிறது. போக வேண்டிய இடம் ஸ்டாண்டு. ஓடும் வண்டியை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்களும், கூட்டத்துக்கு நடுவே ஆறேழு மணி நேரம் நிற்கும் வண்டியைப் பற்றி அவ்வளவாக யோசிப்பதில்லை.

காலையில் புல்தரையில் உறுதியாக நிற்கும் சைடு ஸ்டாண்டு மதியத்துக்குள் மண்ணில் இறங்கிவிடும். வெயிலில் இளகிய தார்த்தரையிலும் அப்படித்தான். ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க, 12 மி.மீ. ப்ளைவுட்டை 15 செ.மீ. சதுரமாக அறுத்து, வண்டிக்கு ஒன்று வீதம், உபரியாக நாலைந்தும் எடுத்துப் போங்கள். தடித்த மரக்கட்டை வேண்டாம். அது வண்டியை நிமிர்த்திவிடும், லேசாகத் தள்ளினாலே வலப்பக்கம் சாய்ந்துவிடும். சரிவான இடமென்றால் முன்சக்கரம் மேட்டைப் பார்க்கட்டும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் வண்டி முன்னே நகர, ஸ்டாண்டு தானாக மடங்கிவிடும். முதல் கியரில் போட்டு, ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பூட்டுங்கள். வண்டிக்கும் வண்டிக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்று சாயும்போது வரிசையே சாயும்.

சாவியை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பாசிட்டிவில் முதலில் கை வைத்தால், ஸ்பேனர் ஃபிரேமில் பட்டதும் பொறி பறக்கும். மேக்னெட்டோ (பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் கருவி) உள்ள பழைய வண்டி பேட்டரி இல்லாமலே கிக்கரில் கிளம்பிவிடும், அதற்கு பிளக் கேப்பைக் கழற்றி வையுங்கள்.

டேங்க் நிறைய பெட்ரோல் வேண்டாம். வெயிலில் விரிந்து மூடி வழியாகக் கசிந்து பெயின்டையும் கெடுக்கும். கார்புரேட்டர் வண்டிகளில் டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் வால்வை (பெட்ரோல் காக்) மூடுங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசியில் ஒரு தூசி சிக்கினாலும் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். எண்ணெய்க்குத் தனித் தொட்டி வைத்த பழைய இன்ஜின்களில், நிற்கும் நேரத்தில் எண்ணெய் மெல்லக் கீழே இறங்கிச் சொட்டுவது இயல்பு. அடியில் ஒரு தட்டும், அதில் உறிஞ்சும் துணியும் வையுங்கள். நிகழ்ச்சி நடத்துபவரின் புல்தரையைக் காப்பாற்றுவதும் நம் பொறுப்பு. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஆகவே உலர் தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது சைலன்சர். அது இருக்கும் உயரம் சின்னப் பிள்ளைகளின் கையும் முட்டியும் படுகிற உயரம். வாசல் திறக்க ஒரு மணி நேரம் முன்னால் வண்டிகளைக் கொண்டுவந்து ஆறவிடுங்கள். முடிந்தால் சைலன்சர் உள்ள பக்கத்தைக் கூட்டத்துக்கு எதிர்ப்புறமாகத் திருப்புங்கள். இன்ஜினை ஓட்டிக் காட்டுவதாக இருந்தால், நேரத்தை முன்கூட்டி அறிவித்து, பந்தலுக்கு வெளியே, சுற்றிலும் கயிறு கட்டி அதற்கு உள்ளே செய்யுங்கள். முடிந்த பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கயிறு இருக்கட்டும். யாருக்காவது சுட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் பிடிக்க வேண்டும், ஐஸோ பற்பசையோ வேண்டாம்.

குழந்தைகளை உட்கார வைத்துப் படம் எடுக்கும் வண்டிதான் உண்டியலை நிரப்பும். அதற்கென்று சென்டர் ஸ்டாண்டு உள்ள, தாழ்ந்த சீட் வண்டி ஒன்றை ஒதுக்குங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி வேண்டாம்: உட்காருபவர் ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்தியதும் ஸ்டாண்டின் மேலிருந்த பாரம் நீங்கிவிடுகிறது, சில வண்டிகளில் ஸ்ப்ரிங் அதை அந்த நொடியே மேலே இழுத்துக்கொள்ளும். முன்சக்கரத்துக்கு இருபுறமும் ஆப்பு வைத்து, உறுப்பினர் இருவர் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டும். பெற்றவரைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் தூக்கி வைக்காதீர்கள். அந்த சீட்டில் பளபளப்பு ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, வழுக்கும். டயர் ஓடுபரப்புக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் இதே விதி, திரும்பிப் போகும் வழியில் உயிருக்கே ஆபத்து.

தகவல் அட்டையை டேங்கில் ஒட்டாமல் தனித் தாங்கியில் வையுங்கள். நாலு வரி போதும்: ஆண்டு, சிசி, எடை, அந்த வண்டிக்கே உரிய ஒரு செய்தி. ஹோண்டா சிபி750 என்றால் 1969இல் நான்கு சிலிண்டரும் முன் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்து வந்தது. பழைய புல்லட் என்றால் கியர் வலது காலில். யமஹா ஆர்எக்ஸ்100 என்றால் 98 சிசி டூ ஸ்ட்ரோக். நின்று படிப்பவர்தான் பேச்சுக் கொடுப்பார், பேசியவர் உண்டியலைத் தாண்டிப் போக மாட்டார்.

உண்டியல் முத்திரையிட்டதாக இருக்கட்டும். எண்ணும்போது இருவர் இருந்து, தொகையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். க்யூஆர் அட்டை வைத்தால் அதன்மேல் வேறு யாரும் ஒட்டிவிடவில்லை என்று அவ்வப்போது பாருங்கள். வண்டிக் காப்பீடு காட்சித் திடலில் பொதுமக்களுக்கு ஏற்படும் காயத்தை ஏற்குமா என்பது ஊருக்கு ஊர் வேறு, விழா நடத்துபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூட்டம் முழுக்கக் கலையும் வரை எந்த வண்டியும் நகரக் கூடாது. புறப்படும் முன் ப்ளைவுட் துண்டுகளை எண்ணி எடுங்கள். புல்லில் மறைந்து கிடக்கும் ஒரு துண்டு போதும், புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடைக் கெடுக்க.