ஆறு சின்த் 29 டொலர்: வாங்கலாமா, விடலாமா?

பாலைமரம் (மல்லாவி)

எளிய சொவ்ட்வெயார் சின்தசைசர் (கணினியிலயே இசைக்கருவிச் சத்தம் உண்டாக்கிற மென்பொருள், சுருக்கமா சின்த்) ஆறு சேர்ந்த தொகுப்பு ஒண்டு விலைக்கு வந்திருக்கு. பேஸ், லீட், பேட், பெல், ஸ்ட்ரிங்ஸ், பிளக் எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு பெயர். ஒவ்வொண்டிலயும் ஒரே பக்கம், பத்துப் பன்னிரண்டு குமிழ். 180 டொலரை வெட்டிப்போட்டு 29 எண்டு போட்டிருக்கிறாங்கள். டொலர் 300 ரூபாக் கணக்கில 8,700 ரூபா வரும். தேவை இதுதான்: கோயில் திருவிழாவுக்கு இசைக்குழுவின்ர பின்னணி, பள்ளிக்கூட நடனத்துக்கு ட்ராக், இடைக்கிடை குறும்படம். லப்டொப் பழைய ஐ3, ரம் 4 ஜிபி, விண்டோஸ் 10, ட்ராக் பதிஞ்சு கட்ட ரீப்பர் மென்பொருள். இப்பிடியான தொகுப்புகளைப் பாவிச்ச ஆக்கள், எதைப் பார்த்து முடிவெடுக்கிறது எண்டு சொல்லுங்கோ.

இரணைமடு

ஆறு எண்ட கணக்கை முதல் மறவுங்கோ. ஆறும் ஆறு இயந்திரமோ, இல்லாட்டி ஒரு இயந்திரத்துக்கு ஆறு முகமோ எண்டதைத்தான் பார்க்கவேணும். சின்த்எடிட் மாதிரி, பெட்டிகளை இணைச்சுப் பிளகின் (ரீப்பர் மாதிரி மென்பொருளுக்குள்ள ஓடுற துணைச் செயலி) கட்டுற மென்பொருள் கன காலமா இருக்கு. அதில ஒரு ஒசிலேட்டரையும் (சத்த அலையை உண்டாக்கிற பகுதி) ஒரு ஃபில்டரையும் (அதின்ர கூர்மையை வெட்டுற பகுதி) கட்டிப்போட்டு, மேல் படத்தை மட்டும் மாற்றி "பேஸ்", "பேட்" எண்டு பெயர் வைக்கலாம். அதில பிழை ஒண்டும் இல்லை. ஆனா ஒரு சாமானுக்கு ஆறுதரம் ஆசைப்படுறது வீண்.

டெமோவை இறக்கி இப்பிடிப் பாருங்கோ. ஆறில இரண்டை எடுத்து, எஃபெக்ட் எல்லாத்தையும் நிறுத்துங்கோ. சோ வேவ் (வாள் பல்லு மாதிரிக் கூரான அலை) ஒண்டு மட்டும், ஃபில்டர் முழுக்கத் திறந்து, அற்றாக் (சத்தம் எழும்ப எடுக்கிற நேரம்) பூச்சியம். ஒரே மிடி நோட்டை (கீபோட் சின்த்துக்கு அனுப்புற தகவல்) இரண்டுக்கும் குடுத்து வேவ் கோப்பாக எடுங்கோ. ரீப்பரில மேலயும் கீழயும் இரண்டு ட்ராக்கில வச்சு, தொடக்கத்தையும் சத்த அளவையும் சமப்படுத்தி, ஒரு ட்ராக்கின்ர அலையைத் தலைகீழாக்கிற ஃபேஸ் பொத்தானை அமத்துங்கோ. சத்தம் முழுக்க அழிஞ்சால் இரண்டும் ஒண்டுதான்.

இந்தச் சோதனை பொய் சொல்லுற இடமும் இருக்கு. சில சின்த்தில நோட்டை அமத்தும்போது அலை ஒவ்வொருதரமும் வேற இடத்தில தொடங்கும். அதால, ஒரே சின்த்தில ஒரே நோட்டை இரண்டுதரம் எடுத்து, அது அழியுதோ எண்டு முதல் பார்க்கவேணும். அதுவே அழியாட்டி இந்த வழியை விடுங்கோ. ரெசொனன்ஸை (ஃபில்டர் வெட்டுற இடத்தில சத்தத்தை எடுப்பாக்கிற குமிழ்) மெல்ல மெல்ல ஏத்தி, ஃபில்டர் எந்தக் குமிழ் நிலையில தானா விசிலடிக்கத் தொடங்குது எண்டு இரண்டிலயும் ஒப்பிட்டாலே ஓரளவுக்குப் பிடிபடும்.

அடுத்தது, மேல் நோட்டுகளில வாற அழுக்கு. மலிவா எழுதின ஒசிலேட்டர் இங்கதான் மாட்டுப்படும். மிடி 96 ஆவது நோட் 2093 ஹேர்ட்ஸ். சோ வேவில அதின்ர 20 ஆவது ஹார்மோனிக் (அடிச்சுரத்தின்ர 20 மடங்கு அதிர்வு) 41,860 ஹேர்ட்ஸில வரவேணும். அலையைச் செக்கனுக்கு 44,100 தரம் அளந்து ஓடுற புரொஜெக்ட் 22,050 க்கு மேல ஒண்டையும் வைச்சிருக்க ஏலாது. ஒசிலேட்டர் அதை முன்கூட்டியே வெட்டாட்டி அது மடிஞ்சு திரும்பி 2,240 இல வந்து இருக்கும். வாசிக்கிற சுரத்துக்குப் பக்கத்திலயே, ஆனா சுருதியில இல்லாமல். 20 ஆவது ஹார்மோனிக் அடிச்சுரத்தை விட 26 டெசிபெல்தான் குறைவு, அதால வடிவாக் கேக்கும். ஃபில்டர் திறந்திருக்க, பிச் வீலை மெல்ல மேல தள்ளிக்கொண்டு வொக்ஸெங்கோ ஸ்பான் எண்ட இலவச ஸ்பெக்ட்ரம் பிளகினில பாருங்கோ. கோடுகள் எல்லாம் மேல போகவேணும். ஒண்டிரண்டு கீழ இறங்கினால் அந்த சின்த்தைப் பெல்லுக்கும் லீட்டுக்கும் நம்பக்கூடாது. பேஸுக்கு மட்டும் எண்டால் இது பெரிய குறையில்லை.

சல்லரி

அண்ணை சொல்லுற சோதனை சரி, ஆனா காசு குடுக்கவே தேவையில்லை. சேர்ஜ் எக்ஸ்டி எண்ட சின்த் இலவசம். இரண்டு சீன் (தனித்தனி ஓசை அடுக்கு), சீனுக்கு மூன்று ஒசிலேட்டர். வைட்டல் எண்ட சின்த்தின்ர இலவசப் பதிப்பில இயந்திரம் முழுசாக் கிடைக்கும். காசுப் பதிப்பில கூட வாறது பிரிசெட்டும் (முன்கூட்டியே செய்து வச்ச ஓசை) வேவ்டேபிளும் (அலை வடிவத் தொகுப்பு)தான். டெக்ஸ்ட் எண்ட சின்த், 1983 இல வந்த யமாஹா டிஎக்ஸ்7 கீபோட்டின்ர ஆறு ஒப்பரேட்டரையும் (அலை உண்டாக்கிற அலகு) அப்பிடியே செய்யும். அந்தக் காலத்துப் பெட்டிக்கெண்டு எழுதின சிஸெக்ஸ் கோப்புப் பிரிசெட்டுகளையும் திறக்கும். பெல்லுக்கும் எலக்ட்ரிக் பியானோவுக்கும் அதுக்கு மேல என்ன வேணும்? ரீப்பருக்கு 60 டொலர் லைசன்ஸ் எடுக்காமல், இலவசமாப் பார்க்கக் குடுக்கிற 60 நாள் தாண்டியும் ஓட்டிக்கொண்டு இருக்கிறியள் எண்டால் அந்த 29 ஐ முதல் அங்க கொண்டுபோய்ப் போடுங்கோ.

இரணைமடு

தம்பி, ஐ3 இல வைட்டலைத் திறந்து பார்த்தனீரோ? அதின்ர அசையிற படங்களே பழைய லப்டொப்பின்ர கிராபிக்ஸைத் தின்னும். ஜன்னலை மூடி வச்சால்தான் மூச்சு விடும். சேர்ஜ் நல்ல சாமான், மறுக்கேல்லை. ஆனா நாளைக்கு நிகழ்ச்சி எண்டு இண்டைக்கு இரவு ட்ராக் கட்டுற ஒருவருக்கு அத்தனை மெனு தடைதான். பன்னிரண்டு குமிழும் கண்ணுக்கு முன்னால இருக்கிற சின்த்துக்கு அதுக்கெண்டு ஒரு பெறுமதி இருக்கு. எளிமைக்குக் காசு குடுக்கலாம். முகமூடிக்குக் குடுக்கக்கூடாது, அவ்வளவுதான் சொன்னது.

முத்தையன்கட்டு

இருவரும் மேற்கத்திய நோட்டையே வைத்துப் பேசுகிறீர்கள். நடனத்துக்கும் கோயிலுக்கும் என்றால் வேறு மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். விற்பனைப் பக்கத்தில் இவை இருக்காது.

முதலாவது பிச் பென்ட் வீச்சு, அதாவது பிச் வீலைத் தள்ளினால் சுரம் எவ்வளவு தூரம் வளையும் என்பது. பெரும்பாலான சின்த்துகள் இரண்டு அரைச்சுரத்தில் வந்து நிற்கும். ஒரு நீண்ட ஜாருவுக்கு (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகம்) அது போதாது; 12 வரை கூட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டினால் வரும் சிக்கல் கீபோட்டிலிருந்து வரும். மிடி பிச் பென்டில் 16,384 படிகள் உண்டு. ஆனால் மலிவான சில கீபோட்டுகள் 128 படிகளையே அனுப்பும். வீச்சு 2 என்றால் ஒரு படி 3 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவில் வரும், காது பொறுத்துக்கொள்ளும். வீச்சு 12 என்றால் ஒரு படி 18.75 சென்ட், வழுக்கவேண்டிய இடம் ஏணிப்படியில் இறங்குவதுபோலக் கேட்கும். சின்த்தைக் குறைசொல்லும் முன், ரீப்பரின் மிடி எடிற்றரில் பிச் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்; இடையில் எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது என்று தெரியும். தொகுப்பில் உள்ள ஆறிலும் இந்த வீச்சை ஒரே அளவில் வையுங்கள். 12 இல் பதிந்த கமகத்தை 2 இல் நிற்கும் சின்த்துக்கு மாற்றினால், வளைவு ஆறில் ஒரு பங்காகச் சுருங்கி, பாடகர் சுருதி விட்டதுபோல இருக்கும்.

இரண்டாவது கிளைட், அதாவது ஒரு நோட்டிலிருந்து அடுத்ததுக்கு வழுக்குவது. மோனோ (ஒரு நேரத்தில் ஒரு நோட்), லெகாட்டோ (விரலை எடுக்காமல் அடுத்ததை வாசிப்பது) இரண்டும் வேண்டும். லெகாட்டோவில் அடுத்த நோட்டை அழுத்தும்போது என்வலப் (சத்தம் எழுந்து அடங்கும் வடிவம்) மீண்டும் தொடங்கக்கூடாது. தொடங்கினால் ஒவ்வொரு சுரத்திலும் ஒரு "டப்" விழும், அது கமகம் ஆகாது. கிளைட் நேரம் 60 முதல் 90 மில்லிசெக்கன் வரை நன்றாக இருக்கும். விரலை எடுத்துவிட்டு வாசித்தாலும் வழுக்குகிற சின்த்தைத் தவிருங்கள். பிடித்து வாசிக்கும்போது மட்டும் வழுக்குவதே கைக்கு அடங்கும்.

மூன்றாவதுதான் பலரும் வாங்கிய பின் தேடுவது: சுருதிக் குமிழ். கோவலன் கூத்துக்கு அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான்) எடுக்கிற சுருதி பியானோக் கட்டைக்குள் விழவேண்டும் என்று நியதி இல்லை. பழைய ஆர்மோனியமும் வழக்கமான 440 ஹேர்ட்ஸில் நிற்காது. சின்த்தில் சென்ட் கணக்கில் கூட்டிக் குறைக்கும் மாஸ்ரர் ட்யூன், குறைந்தது மேலே 100, கீழே 100 இருக்கவேண்டும். எளிய தொகுப்புகளில் ஒசிலேட்டருக்கு ஒரு டிட்யூன் மட்டும் வைத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். அப்போது எல்லா ட்ராக்கையும் வேவ் கோப்பாக எடுத்துச் சுருதி மாற்றுவதுதான் வழி. மேடையில் நேரடியாக வாசிக்க அது உதவாது.

தம்புரா போல ஒரு ஓசை அடியில் வேண்டுமானால், ஒரே சட்ஜத்தில் இரண்டு சோ வேவ், ஒன்றை 5 சென்ட் தள்ளி வையுங்கள். 220 ஹேர்ட்ஸில் அது ஒன்றரைச் செக்கனுக்கு ஓர் அலையாக மெல்ல மூச்சுவிடும். 15 சென்ட் தள்ளினால் அலை அரைச் செக்கனுக்கு ஒன்றாகிவிடும். பாடகர் எதைப் பிடிப்பது என்று தடுமாறுவார். அந்த ஓசைக்கு மேல் அந்தர காந்தாரம் வாசிக்கும்போது இன்னொன்று தெரியும். கீபோட் காந்தாரம் 400 சென்ட், இயல்பான காந்தாரம் 386. சேர்ஜும் வைட்டலும் ஸ்கேலா கோப்பை (சுர இடைவெளிகளை எழுதிய கோப்பு) திறந்து இதைச் சரிசெய்யும். 29 டொலர்த் தொகுப்பில் இந்த வசதி இருந்தால் அது அதிசயம். குறும்படத்துக்கு இது தேவைப்படாது. வாய்ப்பாட்டுக்கு அடியில் நீளமாக நிற்கும் பேட் என்றால் தேவை.

நாதஸ்வரம் வேண்டும் என்று இதை வாங்காதீர்கள். சோ வேவை எப்படித் திருகினாலும் அந்தச் சீவாளி ஓசை வராது.

ஒட்டுசுட்டான் சவுண்ட்

எங்கட பக்கத்துத் திருவிழாவில இது எதுக்குள்ளால வெளிய வருது எண்டதையும் யோசியுங்கோ. மரத்திலயும் கம்பத்திலயும் கட்டுற குழாய் ஸ்பீக்கர் ஏறக்குறைய 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ ஒண்டும் தராது. டெமோவில ஹெட்செட்டைப் போட்டுக் கேட்டு "பேஸ் அதிருது" எண்டு வாங்கிறது இங்கதான் பிழைக்கும். கீழ் ஈ நோட் 41 ஹேர்ட்ஸ். அதைச் சப் ஒசிலேட்டரில (அடிச்சத்தத்துக்கான ஒசிலேட்டர்) ஹார்மோனிக் இல்லாத சைன் வேவா வச்சால் குழாயில வெறும் காத்துத்தான். சோ வேவ் எண்டால் 8 ஆவது ஹார்மோனிக் 330 இல வரும், மிச்சத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். அதால பேஸ் சின்த்தில சோ வேவ் இருக்கோ, சத்தத்தைக் கரகரப்பாக்கிற ஒரு டிரைவ் குமிழ் இருக்கோ எண்டு பாருங்கோ. ஒரு ஒக்டேவ் மேல வாசிச்சு, ஃபில்டரை 1,000 க்கும் 1,500 க்கும் இடையில வச்சால் சந்தி வரைக்கும் விளங்கும்.

இன்னொண்டு, குழாய் எல்லாம் மோனோ. பேட் அகலமாக் கேக்கவேணும் எண்டு இடதையும் வலதையும் எதிரெதிர் ஃபேஸில வச்சுச் செய்யிற சின்த், மோனோவில சேரும்போது பாதி காணாமல் போகும். டெமோவில மாஸ்ரர் ட்ராக்கை மோனோ ஆக்கி ஒருக்கால் கேளுங்கோ. சத்தம் தொப்பெண்டு விழுந்தால் அந்த அகலம் சும்மா ஏமாத்து.

பாலைமரம் (மல்லாவி)

இவ்வளவும் குறிச்சு வச்சிருக்கு. லப்டொப் தாங்குமோ எண்டதை டெமோவில எப்பிடி அளக்கிறது? அக்டிவேசனுக்கு இன்டர்நெட் வேணுமாம். இங்க ஃபோன் டேட்டாதான்.

இரணைமடு

ஒரு நோட்டை அமத்திப் பார்த்திட்டுத் தாங்கும் எண்டு சொல்லாதேங்கோ. அசியோஃபோர்ஓல் எண்ட ஓடியோ ட்ரைவரைப் போட்டு, பஃபரை (ஒருதரத்தில கணக்கிடுற சத்தத் துண்டு) 256 இல வையுங்கோ. 44,100 இல அது 5.8 மில்லிசெக்கன். பேட்டில ரிலீஸ் (விரலை எடுத்தபிறகு சத்தம் அடங்க எடுக்கிற நேரம்) 2 செக்கன், யூனிசன் (ஒரு நோட்டுக்கு எத்தினை ஒசிலேட்டர் எண்டது) 7. நாலு நோட் கோர்ட்டைச் செக்கனுக்கு ஒருக்கால் மாத்துங்கோ. ஒரு கோர்ட் வாசிக்கும்போது முந்தின இரண்டின்ர வாலும் ஓடிக்கொண்டிருக்கும். அப்ப 12 நோட், யூனிசனோட 84 ஒசிலேட்டர். அதில ஐ3 "கிறீச்" எண்டால் முதல் யூனிசனை 3 ஆக்கிப் பாருங்கோ, பிறகு ரிலீஸைக் குறையுங்கோ. அப்பவும் வெடிச்சால் அந்த சின்த் உங்களுக்கில்லை. லப்டொப்பைச் சார்ஜரில போட்டு, பவர் பிளானை ஹை பெர்ஃபோமன்ஸில வச்சுத்தான் இதைச் செய்யவேணும். பற்றரியில ஓடினால் புரோசசர் தன்ர வேகத்தைக் குறைச்சுப்போடும், சோதனை பிழைச்சுப்போகும். தகரக் கொட்டில் மேடையில மத்தியான வெக்கைக்கும் இதே கதைதான், அதால பத்து நிமிசமாவது ஓட விட்டுப் பாருங்கோ.

சல்லரி

அக்டிவேசனில மூண்டு வகை. சீரியல் நம்பரோ லைசன்ஸ் கோப்போ தாறது சிறப்பு, நெட் இல்லாமலும் போடலாம். ஒருக்கால் மட்டும் நெட் கேக்கிறது பரவாயில்லை. இடைக்கிடை திருப்பித் திருப்பிக் கேக்கிறதை எடுக்காதேங்கோ, மேடையில வச்சு உயிரை வாங்கும். எத்தினை கணினிக்கு, விண்டோஸ் திருப்பிப் போட்டால் பழைய அக்டிவேசனை விடுவிக்கலாமோ எண்டதையும் காசு கட்ட முதல் வாசியுங்கோ. சின்த் ஒண்டு சில பத்து எம்பிதான் வரும். ஆனா தனியா ஒரு இன்ஸ்டோலர் செயலியை இறக்கச் சொன்னால் டேட்டா அங்க போகும். 32 பிட் மட்டும் எண்டால் பழைய சாமான். ரீப்பர் அதைத் திறக்கும், வேற மென்பொருளுக்கு மாறினால் திறவாமல் போகலாம். விஎஸ்டி3 எண்ட பிளகின் வகை இருக்கிறதா எடுங்கோ.

காசுக் கணக்கு: இங்க சொன்ன சோதனையில ஆறில எத்தினை தேறுது எண்டு எண்ணுங்கோ. இரண்டு தேறினால் ஒண்டு 14.50 டொலர், 4,350 ரூபா. அந்த இரண்டும் செய்யிற வேலையை சேர்ஜில ஒரு பிரிசெட் செய்யுமெண்டால் விடுங்கோ. வெட்டின விலைக்கும் அவசரப்படவேண்டாம். உப்பிடியானது நவம்பரில திருப்பி இறங்கிறது வழமை. வங்கி அட்டையில வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறக்கவேணும். டொலரை மாத்த வங்கி எடுக்கிற கட்டணமும் மேல வரும்.

முத்தையன்கட்டு

வாங்கினாலும் விட்டாலும் ஒன்று செய்யுங்கள். ட்ராக் முடிந்த அன்றே ஒவ்வொரு சின்த்தையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, மிடி கோப்பையும் பிரிசெட்டையும் அதே ஃபோல்டரில் போட்டு, பென்ட் வீச்சையும் சென்ட் அளவையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். "சட்ஜம் பேட், பென்ட் 12, கூட்டல் 30 சென்ட்" என்று இருந்தால், அடுத்த வருடப் பொங்கலுக்கு அந்த சின்த் திறக்காவிட்டாலும் வேறொன்றில் அதே சுருதியில் தொடங்கலாம்.