மக்காச்சோளம்: விதையை ஊறவெச்சா போதுமா, ஊனுற நாளும் பார்க்கணுமா?

புது ஆத்துக்காரன்: சம்பா அறுத்த வயல்ல மக்காச்சோளம் போட்டிருக்கேன், ஒரத்தநாடு பக்கம். விதையை ராத்திரி தண்ணியில ஊறவெச்சு, காலையில சாக்குல பரப்பி நிழல்ல உலர்த்தி, அன்னிக்கே ஊனியாச்சு. அதே நாள் ஊனின பக்கத்து வயலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே முளைச்சு, சந்து விழாம நிக்குது. பைசா செலவில்லை. ஏன் யாரும் செய்ய மாட்டேங்குறீங்க?

கடைமடையான்: முளைப்பைப் பார்த்து மகசூல் கணக்குப் போடாதீங்க தம்பி. என்னிக்கு ஊனினீங்க?

புது ஆத்துக்காரன்: மாசிக் கடைசி.

கடைமடையான்: அதான் கேட்டேன். 50, 55 நாள்ல பூ. நேரா கத்திரி வெயில்ல போய் நிக்கும். 35 டிகிரியைத் தாண்டிட்டாலே மகரந்தம் வீரியம் இழக்க ஆரம்பிச்சுடும், கதிர் நுனியில தொங்குற மீசையும் காயும். கதிரை உரிச்சா நுனியில பாதி பொக்கை. நீங்க முந்தின ரெண்டு நாளுக்காக கத்திரி தள்ளியா போகும்? தை அறுப்பு முடிஞ்ச கையோட ஊனியிருந்தா, ஊறவைக்காத விதைகூட பங்குனியில பூத்திருக்கும்.

புது ஆத்துக்காரன்: அண்ணே, தையில வயல்ல கால் வைக்க முடிஞ்சாத்தானே? பெல்ட் வண்டி இறங்கி அறுத்த தடத்துல முழங்கால் சேறு. டிராக்டர் இறங்குற பதம் வர்றப்போ மேல் ஈரம் ஓடிப்போகுது. இடையில கிடைக்கிறது நாலஞ்சு நாள். அதுக்குள்ள வேர் கீழே இறங்கணும்னா ஊறின விதைதான் கை கொடுக்கும். நாள் முக்கியம்னு நீங்க சொல்றதாலதான் ஊறவைக்கவே சொல்றேன்.

விதைக்கடை: குறுக்க வர்றேன். பாக்கெட் வீரிய விதையா? ரோஸ் பூச்சு இருந்துதா?

புது ஆத்துக்காரன்: இருந்துது. வாளித் தண்ணி ரோஸாத்தான் ஆச்சு.

விதைக்கடை: பூஞ்சாண மருந்தை வாளியில கரைச்சிருக்கீங்க! 2018ல மக்காச்சோளக் குருத்தைத் தின்னுற படைப்புழு நம்ம நாட்டுக்குள்ள வந்ததுக்கப்புறம் சில விதையில பூச்சி மருந்தும் சேர்த்துப் பூசி வருது. அந்தத் தண்ணியை மாட்டுத்தொட்டிப் பக்கம் ஊத்தலையே? பூச்சு இல்லாத விதையா இருந்தா ஊறவைங்க, நானே சொல்வேன். அதுவும் ஒரு ராத்திரிதான். வெள்ளை முளை எட்டிப் பார்த்த விதை காஞ்ச மண்ணுல விழுந்தா செத்துடும்.

புது ஆத்துக்காரன்: சாக்கடையிலதான் ஊத்தினேன். சரி, பூச்சு விஷயத்துல தப்பு என்னோடது. ஊறவைக்கிறதே வீண்னு சொல்றதை மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

கடைமடையான்: வீண்னு சொல்லலை தம்பி, நாளுக்கு ஈடாகாதுன்னேன். போனது போகட்டும், குருத்துக்குள்ள புழு இருக்கான்னு தினம் பாருங்க. பூக்குற சமயத்துல தண்ணி தவறக்கூடாது. ஜனவரி 28 கணக்குல மேட்டூரை அடைச்சுடுறான், ஆத்தை நம்ப முடியாது. போர்வெல் இருக்கா?

புது ஆத்துக்காரன்: இருக்கு. மும்முனை கரண்ட்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு வருது.