கோடையில மோட்டார் தண்ணி எடுக்கல, பெரிய ஹெச்பி போட்டா சரியாகுமா?

கிணத்தடி:
வணக்கம். வீட்டுக் கிணத்துக்கு புது மோட்டார் வாங்கணும், தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க. வட்டக் கிணறு, 6 அடி அகலம், 42 அடி ஆழம். மழைக்காலத்துல 12 அடியிலயே தண்ணி நிக்கும், கோடையில 33 அடிக்குப் போயிடும். மேல திட்டுல அரை ஹெச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கிற வகை) இருக்கு, மழைக்காலத்துல ஒரு தொந்தரவும் இல்ல, கோடை வந்துட்டா தண்ணி ஊத்தி ஊத்தி போட்டாலும் ரெண்டு நிமிஷம் துப்பிட்டு நின்னுடுது, ஃபுட் வால்வு (பைப் அடியில தண்ணி திரும்ப இறங்காம தடுக்கிறது) மாத்தியும் அதே கதைதான், போன மாசம் காயிலும் போச்சு. கடையில ஒன்றரை ஹெச்பி எடுங்க இழுத்துடும்ங்கறாங்க. மாடி டேங்க் 1000 லிட்டர், தரையிலருந்து 28 அடி உயரத்துல இருக்கு.

காயில்கட்டி:
ஒன்றரை இல்ல, அஞ்சு ஹெச்பி வச்சாலும் மேல உக்காந்துகிட்டு 33 அடியிலருந்து எடுக்காது ப்ரோ. மோட்டார் இழுக்குதுன்னு நாம சொல்றோம், உண்மையில அது பைப்புக்குள்ள அழுத்தத்த குறைக்குது, வெளிய இருக்கிற காத்தோட அழுத்தம்தான் தண்ணிய மேல ஏத்தி விடுது. அதால கணக்குப்படியே 34 அடிக்கு மேல ஏத்த முடியாது, நடைமுறையில 25 அடி தாண்டுறதே கஷ்டம். கோடையில என்கிட்ட ரீவைண்டிங்குக்கு வர்ற மோட்டார்ல பாதி இந்த கேஸ்தான், பிரிச்சுப் பாத்தா தண்ணியில்லாம ஓடி சீல் கருகி வெடிச்சு கிடக்கும். நீங்க ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு (கிணத்துத் தண்ணிக்குள்ளயே முங்கி ஓடற மோட்டார்) மாறுங்க, தண்ணிக்குள்ள இருந்து தள்ளுறதுக்கு இந்த 34 அடி கணக்கு கிடையாது. போர்வெல்லுக்குப் போடற நீளமான சப்மெர்சிபிள சும்மா தொங்க விடாதீங்க, அது மோட்டாரை உரசிட்டுப் போற தண்ணியாலதான் குளிருது, அகலமான கிணத்துல அந்த ஓட்டம் கிடைக்காது, சுத்தி ஒரு உறை பைப் போட்டாதான் சரிவரும்.

தோட்டக்காரன்:
மேல சொன்னது சரி. ஹெச்பிய விடுங்க, ஹெட்டைப் பாருங்க, அதாவது தண்ணிய ஏத்த வேண்டிய மொத்த உயரம், பைப் உராய்வும் சேத்து. கோடைக்கு 33 + 28 = 61 அடி, டேங்க் ரொம்பறதுக்குள்ள கிணத்து மட்டம் ஒன்றேகால் அடி இறங்கும் (உங்க கிணத்துல ஒரு அடி தண்ணின்னா சுமார் 800 லிட்டர்), பைப் உராய்வும் சேத்து 70 அடி, அதாவது 21 மீட்டர்னு வச்சுக்கங்க. மழைக்காலத்துல இதே 14 மீட்டர்கிட்ட வந்துடும். நான் பண்ணின தப்ப நீங்க பண்ணிடாதீங்க: எனக்கும் 21 மீட்டர்தான் தேவைப்பட்டுச்சு, நேம் பிளேட்ல மேக்ஸ் ஹெட் 22னு பாத்து வாங்கிட்டு வந்தேன், டேங்க் வாயில சுண்டுவிரல் தடிமனுக்குத்தான் தண்ணி விழுந்துச்சு, டேங்க் ரொம்ப மூணு மணி நேரம். மேக்ஸ் ஹெட்ங்கறது தண்ணி சுத்தமா நின்னு போற உயரம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அதனால எந்த ஹெட்டுக்கு எவ்வளவு தண்ணி வரும்னு காட்டற சார்ட்டைக் கேட்டு வாங்கி 21 மீட்டருக்கு நேரா எத்தன லிட்டர்னு பாருங்க, மணிக்கு 2000 லிட்டர் இருந்தா அரை மணியில டேங்க் ரொம்பிடும். 14 மீட்டரும் அந்த மாடலோட ஹெட் ரேஞ்சுக்குள்ள வரணும், 40 மீட்டர் ஹெட் மோட்டாரை 14 மீட்டர்ல ஓட்டினா அளவுக்கு மேல தண்ணிய வாரித் தள்ளி, ஆம்ப்ஸ் ஏறி காயில் போயிடும். உங்களுக்கு ஒரு ஹெச்பிக்கு மேல அவசியமே இல்ல.

கிணத்தடி:
ரொம்ப நன்றிங்க, இத யாருமே இப்படி சொல்லல. டெலிவரி பைப் முக்கால் இன்ச்தான் இருக்கு, அதையே விட்டுடலாமா?

தோட்டக்காரன்:
வேண்டாம், ஒன்றேகால் இன்ச் போடுங்க. அதே தண்ணி பாதி அகலப் பைப்புல போனா உராய்வு சுமார் 30 மடங்கு ஏறும், முக்கால் இன்ச் வச்சா நான் போட்ட 70 அடி கணக்கே தப்பாயிடும்.

காயில்கட்டி:
இறக்கும்போது அடியிலருந்து ரெண்டு அடி மேல நிக்கட்டும், இல்லன்னா சேத்தை அள்ளும். நைலான் கயித்துல கட்டுங்க, கேபிள்ல தொங்க விடவே கூடாது. டிரை ரன் (தண்ணியில்லாம ஓடறது) ஆனா கட்டாகுற பேனலும், கரண்ட் கசிஞ்சா கட் பண்ற எர்த் லீக்கேஜ் பிரேக்கரும் சேத்துப் போட்டுடுங்க, மோட்டார் தண்ணிக்குள்ள இருக்குது, மெயின ஆஃப் பண்ணாம யாரும் கிணத்துல கை வைக்க வேண்டாம்.